வீட்டுக்கு கார்ட்லெஸ் போன்: பொருத்துவதும் பயன்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ட்லெஸ் போன் வாங்கியவர்கள் கேட்கும் சந்தேகங்களில் முக்கால்வாசி கடைசியில் இரண்டே இடத்தில் வந்து நிற்கும். ஒன்று, பேஸை எங்கே வைத்திருக்கிறோம். இன்னொன்று, உள்ளே என்ன பேட்டரி இருக்கிறது. போன் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவைத்த பல போன்கள், இந்த இரண்டையும் சரிசெய்ததும் நன்றாகப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இவை இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

‘பேஸ்’ என்று நான் சொல்வது டெலிபோன் வயர் செருகும் பெட்டியை. ‘ஹேண்ட்செட்’ என்பது கையில் எடுத்துப் பேசுவது. இரண்டாவது, மூன்றாவது ஹேண்ட்செட்டோடு வரும் சின்ன ஸ்டாண்டைச் ‘சார்ஜர்’ என்று சொல்கிறேன். அதற்கு கரண்ட் மட்டும் போதும், டெலிபோன் வயர் வேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் போடுங்கள். பிளஸ், மைனஸ் குறிகளைப் பார்த்துப் போட வேண்டும். சில மாடல்களில் பேட்டரி ஏற்கெனவே உள்ளே இருக்கும், அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாடா நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து எடுக்காவிட்டால் போன் உயிர் பெறாது. அப்புறம் பேஸுக்கு அடாப்டர், அதன் பிறகு டெலிபோன் வயர்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பேஸின் அடாப்டரும் சார்ஜரின் அடாப்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அவை தரும் வோல்டேஜ் வேறாக இருக்கலாம். அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எது எதற்கு என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவைத்துவிடுங்கள். இன்னொன்று, பழைய போனின் வயரையே புதிய பேஸில் செருகாதீர்கள். பிளக் ஒன்றுபோல இருந்தாலும், சில வயர்களில் நடு இரண்டு கம்பிகளிலும் சிலவற்றில் ஓர இரண்டு கம்பிகளிலும் லைன் வரும். “எல்லாம் சரியாகத்தான் செருகியிருக்கிறேன், டயல் டோன் வரவில்லை” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெட்டியோடு வந்த வயரையா போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

முதல் தடவை எவ்வளவு நேரம் சார்ஜ் செய்ய வேண்டும்?

பெரும்பாலான கையேடுகள் 12 முதல் 16 மணி நேரம் என்று சொல்லும். ஒரு ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் வைத்துவிட்டால் சரி. இரண்டு மூன்று மணி நேரத்திலேயே திரையில் பேட்டரிப் படம் நிறைந்துவிடும், அதை நம்பி எடுத்துவிடாதீர்கள். புது பேட்டரியின் அளவைப் போன் சரியாகக் கணிக்க முதல் சார்ஜ் முழுதாக முடிய வேண்டும்.

பேஸை எங்கே வைப்பது நல்லது?

வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்தவெளியாக. இந்த மூன்றும் ஒருசேர அமைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஆனால் டெலிபோன் சாக்கெட் பெரும்பாலும் வாசலை ஒட்டிய மூலையில் இருக்கும், பேஸும் அங்கேயே உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தது. சமையலறைக்குப் போனால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும், பின்கட்டுக்குப் போனால் கட்டாகிவிடும். கொஞ்சம் நீளமான டெலிபோன் வயர் வாங்கி, சுவர் ஓரமாகக் கொண்டுபோய், கூடத்து அலமாரியின் மேல்தட்டில் பேஸை வைத்தோம். அதே போன்தான், ஆனால் மொட்டைமாடிப் படிக்கட்டு வரை தெளிவாகப் பேச முடிகிறது. ரேடியோ சிக்னலோடு போராடுவதை விட வயரை நீட்டுவது எப்போதும் சுலபம்.

சிக்னலை அதிகம் தடுப்பது உலோகமும் தண்ணீரும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, முதுகில் உலோகப்பூச்சு கொண்ட பெரிய கண்ணாடி ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் செங்கல் சுவரை விட அதிகம் தடுக்கும். பெட்டியின் மேல் ‘வீட்டுக்குள் 50 மீட்டர், வெளியே 300 மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அது தடை எதுவும் பெரிதாக இல்லாத இடத்துக்கான கணக்கு. இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் 50 மீட்டரை எதிர்பார்க்க முடியாது.

இடம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. யாரையாவது அழைத்து, பேசிக்கொண்டே வீடு முழுக்க நடங்கள். அவரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எண்கள் விடுபடுகின்றன என்று தெரிந்துவிடும். பேஸை அரை மீட்டர் நகர்த்தினாலே சில சமயம் அந்த இடம் தெளிந்துவிடும்.

எவ்வளவு நகர்த்தியும் மாடி அறையில் சிக்னல் இல்லையே?

கூடுதல் ஹேண்ட்செட் வாங்கி மாடியில் வைத்தால் தீராது. அதுவும் இதே பேஸோடுதான் பேச வேண்டும். அதற்கென்று, பேஸின் சிக்னலை வாங்கி மேலும் தூரம் கடத்தும் ரிப்பீட்டர் கிடைக்கிறது. உங்கள் பேஸ் மாடலோடு சேருமா என்று பார்த்து வாங்க வேண்டும். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், படிக்கட்டின் நடுப்பகுதி மாதிரி, அதைப் பொருத்துங்கள். சிக்னலே இல்லாத அறையில் வைத்தால் ரிப்பீட்டருக்கும் கடத்த ஒன்றும் இருக்காது.

பேசும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. போன் கெட்டுவிட்டதா?

சத்தத்தின் வகையைக் கவனியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. இப்போது விற்கும் கார்ட்லெஸ் போன்கள் டிஜிட்டல் முறையில் பேசுபவை. அவற்றில் சிக்னல் குறைந்தால் சொற்கள் விடுபடும், குரல் வெட்டி வெட்டிக் கேட்கும், ‘டிக் டிக்’ என்று சின்ன இடைவெளிகள் விழும். மழை பெய்வது மாதிரியான தொடர்ந்த இரைச்சலும் ‘உம்ம்ம்’ என்ற ரீங்காரமும் பெரும்பாலும் ரேடியோவால் வருபவை அல்ல. லைன், வயர், அடாப்டர் இந்த மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கும்.

அதனால் முதல் சோதனையாக, ஒரு சாதாரண வயர் போனை அதே சாக்கெட்டில் செருகிக் கேளுங்கள். அதிலும் இரைச்சல் இருந்தால் உங்கள் போன் மேல் குற்றமில்லை, லைன் பற்றிப் புகார் கொடுங்கள். வயர் போனில் சுத்தமாக இருந்தால் அடாப்டரையும் வயரையும் பாருங்கள்.

ஒரே செம்புக் கம்பியில் போனும் இன்டர்நெட்டும் வரும் டிஎஸ்எல் இணைப்பு என்றால், ஃபில்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட் சிக்னல் பேச்சை விட உயர்ந்த அலைவரிசையில் அதே கம்பியில் ஓடுகிறது. ஃபில்டர் இல்லாவிட்டால் அது போனுக்குள் நுழைந்து சீறலாகக் கேட்கும், போனை எடுக்கும்போது இன்டர்நெட்டும் தடுமாறும். மோடத்துக்கு ஃபில்டர் கூடாது, போனுக்குத்தான் வேண்டும். வீட்டில் அந்த லைனில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஒன்று.

வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் தொந்தரவு செய்யுமா?

2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய கார்ட்லெஸ் போன் என்றால் செய்யும். வைஃபை, மைக்ரோவேவ், புளூடூத் எல்லாம் அதே அலைவரிசைப் பகுதியில்தான் இருக்கின்றன. இப்போது பரவலாக விற்கும் டிஜிட்டல் கார்ட்லெஸ் முறைக்கு ‘டெக்ட்’ என்று பெயர். இந்த வகை போன்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ். அதனால் வைஃபையோடு மோதாது. இருந்தாலும் ரவுட்டருக்கும் பேஸுக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். மிக நெருக்கமாக வைத்த மின்சாதனங்களும் அடாப்டர்களும் ரீங்காரம் கொடுக்கும்.

அமெரிக்கச் சந்தையில் ‘டெக்ட் 6.0’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து 6 கிகாஹெர்ட்ஸ் என்று நினைப்பவர்கள் பலர். அது விற்பனைக்காக வைத்த பெயர், அலைவரிசையைக் குறிக்கும் எண் இல்லை.

அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு போனோடு குழம்பாதா?

குழம்பாது. ஐரோப்பிய டெக்ட் முறையில் 10 ரேடியோ அலைகள், ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் 12 உரையாடல்களுக்கான நேரத் துண்டுகள், ஆக மொத்தம் 120 வழிகள். எது காலியாக இருக்கிறது என்று போனே பார்த்துத் தாவிக்கொள்ளும். உங்கள் ஹேண்ட்செட் உங்கள் பேஸில் பதிவானது என்பதால் பக்கத்து வீட்டு பேஸ் அதை ஏற்காது.

வெளிநாட்டில் வாங்கிய கார்ட்லெஸ் போனை இங்கே கொண்டுவந்து பயன்படுத்தலாமா?

அன்பாக யாரோ வாங்கிக் கொடுத்தது என்றால் மறுக்க மனம் வராது, தெரியும். ஆனாலும் வேண்டாம். ஒரு நாட்டில் கார்ட்லெஸ் போனுக்குக் கொடுத்த அலைவரிசை இன்னொரு நாட்டில் செல்போன் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கலாம். வட அமெரிக்க டெக்ட் போன் வேலை செய்யும் 1920 மெகாஹெர்ட்ஸ் பகுதியை ஐரோப்பாவில் செல்போன்கள் பயன்படுத்துகின்றன. அங்கே அந்த போனை இயக்கினால் செல்போன் சேவைக்கு இடையூறு, சட்டப்படியும் தவறு. அதோடு அடாப்டர் வோல்டேஜும் பிளக்கும் வேறாக இருக்கும்.

சார்ஜ் நிற்பதே இல்லை. என்ன செய்வது?

‘முழு சார்ஜ்’ என்று காட்டும், எடுத்துப் பேசினால் இரண்டு நிமிடத்தில் பீப் அடித்து அணைந்துவிடும். இது பேட்டரி ஓய்ந்துபோனதன் அடையாளம். போனை மாற்ற வேண்டியதில்லை.

பெரும்பாலான ஹேண்ட்செட்டுகளில் இருப்பது இரண்டு ‘டிரிபிள் ஏ’ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். திறன் 400 முதல் 750 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். மேலே ரீசார்ஜபிள் என்று அச்சிட்ட, அதே வகை, அதே அளவு பேட்டரி எந்த நல்ல பிராண்டாக இருந்தாலும் சரி. திறன் பழையதற்கு ஒட்டி இருக்கட்டும், அல்லது கொஞ்சம் கூட இருக்கட்டும். வயரும் சின்ன பிளக்கும் வைத்த கட்டு பேட்டரி என்றால், அதில் எழுதியுள்ள எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். இரண்டு பேட்டரி உள்ள போனில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

ரிமோட்டுக்குப் போடும் சாதாரண அல்கலைன் பேட்டரியை ஒருபோதும் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அளவு ஒன்றாக இருப்பதால் போனும் உடனே உயிர் பெற்றுவிடும், தப்பு செய்துவிட்டோம் என்றே தெரியாது. ஸ்டாண்டில் வைத்ததும் போன் அதற்குள் மின்சாரத்தை ஏற்றத் தொடங்கும். அல்கலைன் அதைத் தாங்குகிற வகை இல்லை. சூடாகும், உள்ளே வாயு சேரும், ரசாயனம் கசியும், வெடிக்கவும் செய்யலாம்.

பேட்டரி நல்லதாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், ஹேண்ட்செட்டின் அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். கை எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியாலோ பென்சில் ரப்பராலோ ஹேண்ட்செட்டிலும் ஸ்டாண்டிலும் நன்றாகத் தேயுங்கள்.

எப்போதும் ஸ்டாண்டிலேயே வைத்திருந்தால் பேட்டரி கெட்டுப்போகுமா?

கெடாது. முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் கேட்மியம் பேட்டரிக் காலத்து வழக்கம். இப்போதைய போன் நிறைந்ததும் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். சோபாவிலும் தலையணை அடியிலும் கிடந்து ஒரேயடியாகத் தீர்ந்துபோவதுதான் அதற்குக் கெடுதல். வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் ஹேண்ட்செட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவைத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் பேச முடியுமா?

முடியாது. பேஸுக்கு கரண்ட் இல்லை என்றால் ஹேண்ட்செட்டில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. சில மாடல்களில் மட்டும், ஹேண்ட்செட்டை பேஸ் மேல் வைத்தால் அதன் பேட்டரியே பேஸைக் கொஞ்ச நேரம் இயக்கும்.

செம்புக் கம்பி லைன் வைத்திருப்பவர்கள் ஒரு சாதாரண வயர் போனைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன் வழியாகவே வருகிறது, அதனால் இருட்டிலும் வேலை செய்யும். ஃபைபர் இணைப்பு என்றால் அந்த வசதி கிடையாது. மோடமும் அணைந்துவிடும். மோடத்துக்கும் பேஸுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுவதுதான் வழி. வீட்டில் நோயாளியோ தனியாக இருக்கும் முதியவரோ இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபைபருக்கு மாறிவிட்டோம். பழைய கார்ட்லெஸ் போன் வீணா?

வீணில்லை. மோடத்தின் பின்னால் போன் படமோ ‘டெல்’ என்ற எழுத்தோ போட்ட சின்ன துளை இருக்கும். பேஸின் வயரை அதில் செருகினால் போதும். சுவரில் இருக்கும் பழைய சாக்கெட் இனி எதற்கும் உதவாது. டயல் டோன் வராவிட்டால் மோடத்தில் போன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் சேவை நிறுவனம்தான் இயக்கிவிட வேண்டும்.

இன்னொரு ஹேண்ட்செட்டைச் சேர்ப்பது எப்படி?

பேஸில் ஒரு பட்டன் இருக்கும், காணாமல் போன ஹேண்ட்செட்டைக் கூப்பிடும் அதே பட்டன். அதைச் சில வினாடிகள் விடாமல் அழுத்தினால் விளக்கு மின்னும் அல்லது சத்தம் வரும். உடனே புது ஹேண்ட்செட்டின் மெனுவில் பதிவு செய்வதற்கான பகுதிக்குப் போங்கள். பின் எண் கேட்டால் பெரும்பாலும் 0000. ஒரு நிமிடம் போலப் பொறுத்தால் திரையில் எண் கொடுத்துவிடும். ஒரு பேஸில் பொதுவாக நான்கு முதல் ஆறு வரை சேர்க்கலாம்.

வேறு கம்பெனி ஹேண்ட்செட் சேருமா என்றும் கேட்பார்கள். வெவ்வேறு கம்பெனி டெக்ட் போன்கள் சேர்ந்து இயங்குவதற்கான பொது முறைக்கு ‘கேப்’ என்று பெயர். இரண்டும் அதை ஏற்பவை என்றால் சேரும், ஆனால் அழைப்பது, எடுத்துப் பேசுவது போன்ற அடிப்படை வேலைகளுக்குத்தான் உத்தரவாதம். பொதுவான பெயர்ப் பட்டியல் போன்றவை பெரும்பாலும் கிடைக்காது. வாங்கும்போதே இரட்டையாக வாங்குவது நிம்மதி.

அழைப்பை இன்னொரு அறைக்கு மாற்ற முடியுமா?

முடியும். பேசிக்கொண்டிருக்கும்போது இன்டர்காம் பட்டனை அழுத்தி, அடுத்த ஹேண்ட்செட்டின் எண்ணைக் கொடுங்கள். அவர் எடுத்ததும் இன்னார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு நீங்கள் வைத்துவிடலாம். வெளியிலிருந்து பேசுபவருக்கு அந்த இடைவேளையில் நீங்கள் பேசுவது கேட்காது. வீட்டுக்குள் இன்டர்காமில் மட்டும் பேசினால் கட்டணம் இல்லை, லைனையும் தொடாது.

‘ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் இடத்தில் அழுத்தினால் எதுவும் நடக்கவில்லையே?

போன் பல்ஸ் முறையில், அதாவது எண்ணை ஒலியாக அனுப்பாமல் துடிப்புகளாக அனுப்பும் பழைய முறையில் இருக்கலாம். மெனுவில் டயல் முறையை டோனுக்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு, அந்த அழைப்பு முடியும் வரை மட்டும் டோனுக்கு மாற, பல மாடல்களில் நட்சத்திரப் பட்டனை அழுத்தினாலே போதும்.

இதை ஒட்டியே இன்னொன்று. இரண்டாவது அழைப்பை எடுக்க ‘ஆர்’ அல்லது ‘ஃப்ளாஷ்’ பட்டனை அழுத்தினால் லைனே கட்டாகிறது, அல்லது ஒன்றும் ஆவதில்லை என்பார்கள். அந்தப் பட்டன் லைனை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் துண்டித்துக் காட்டுகிறது. எவ்வளவு நேரம் என்பது நாட்டுக்கு நாடு வேறு: 100, 300, 600 மில்லிசெகண்டு என்று மெனுவில் இருக்கும். மாற்றிப் பாருங்கள், ஒன்று பொருந்திவிடும்.

கூப்பிடுபவரின் எண் திரையில் வரவில்லையே?

அந்தச் சேவை உங்கள் லைனில் இருக்க வேண்டும் என்பது முதல் விஷயம். பல இடங்களில் எண் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில்தான் வந்து சேர்கிறது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டால் எண் வராது, கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படிப் பழக்குவது?

எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி இதுதான். பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. வீட்டு போனை நம்பி இருப்பவர்கள் பெரியவர்கள்தான்.

ஸ்டாண்டிலிருந்து எடுத்தாலே பேச்சு தொடங்கும்படி ஒரு வசதி மெனுவில் இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். பச்சைப் பட்டனைத் தேடும் தவிப்பு போய்விடும். பேசி முடித்ததும் ஸ்டாண்டில் வைத்தால் தானாகக் கட்டாகும். என் அம்மா பழைய ரிசீவர் போனில் பழகியவர். எடுப்பது, வைப்பது என்ற அதே கைப்பழக்கம் இதிலும் கிடைத்த அன்றே அவருக்கு பயம் விட்டுப்போனது.

அவர்கள் அடிக்கடி பேசும் மூன்று நான்கு பேரை ஒற்றைப் பட்டனில் வையுங்கள். எந்த எண் யாருக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அவசர உதவி எண்ணும் அதில் இருக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஹேண்ட்செட்டும் சார்ஜரும் இருந்தால், ரிங் கேட்டு இருட்டில் எழுந்து ஓட வேண்டியதில்லை. விழுந்து அடிபடுவதைத் தவிர்க்க அந்தச் செலவு நியாயமானது.

காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்களுக்கு, அந்தக் கருவிகளோடு சேர்ந்து இயங்கும் என்று குறிப்பிட்ட மாடலாக வாங்குங்கள். முடிந்தால் அவர்களையே காதில் வைத்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். ரீங்காரம் வருகிறதா என்று வேறு யாராலும் சொல்ல முடியாது.

யாராவது ஒட்டுக் கேட்க முடியுமா?

பழைய அனலாக் போன்களில் சுலபமாக முடிந்தது, ஒரு ஸ்கேனர் ரேடியோ போதும். டெக்ட் போன்களில் பேச்சைப் பூட்டி அனுப்பும் குறியாக்க வசதி உண்டு. ஆனால் எல்லா மாடலும் அதைப் பயன்படுத்தவில்லை. 2008இன் இறுதியில் ஆய்வாளர்கள் சிலர், மடிக்கணினியில் செருகும் ஒரு கார்டை வைத்தே அப்படிப் பூட்டாத பேச்சைக் கேட்டுக் காட்டினார்கள். ஆகவே குறியாக்கம் உண்டு என்று குறிப்பிட்ட போனாகப் பார்த்து வாங்குங்கள். பேஸின் 0000 பின் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

கதிர்வீச்சு ஆபத்தா?

டெக்ட் ஹேண்ட்செட் உச்சத்தில் 250 மில்லிவாட் அனுப்பினாலும், நேரத் துண்டுகளாக அனுப்புவதால் பேசும்போது சராசரி 10 மில்லிவாட் அளவுதான். சிக்னல் குறைந்த இடத்தில் முழு பலத்தோடு முயலும் செல்போனை விட இது மிகக் குறைவு. ஆனாலும் பேஸ் ஓயாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் தலைமாட்டில் வேண்டாம் என்று நினைத்தால் தள்ளி வையுங்கள். பல மாடல்களில் ஈகோ முறை உண்டு. அதை இயக்கினால் அனுப்பும் பலம் குறையும், எட்டும் தூரமும் குறையும்.

பழைய போனை யாருக்காவது கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

மெனுவில் ரீசெட் கொடுத்து, பெயர்ப் பட்டியலும் அழைப்புப் பட்டியலும் அழிந்ததா என்று திறந்து பாருங்கள். பதில் பதிவு செய்யும் வசதி இருந்தால் பழைய குரல் பதிவுகள் பேஸில் இருக்கும், அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் குரல் அதில் இருந்தால், அழிக்கும் முன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேட்டரி ஓய்ந்திருந்தால் கழற்றி, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அடாப்டரையும் வயரையும் கையேட்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால், வாங்குபவர் முதல் நாளே பேசிவிடலாம்.